நீதிமன்றத்துக்கு ஊர் தரும் துணை

பெற்றோரால் அடித்துத் துன்புறுத்தப்பட்டதென்றோ, சோறும் பாதுகாப்புமின்றிக் கைவிடப்பட்டதென்றோ ஒரு குழந்தையைப் பற்றிப் புகார் எழுந்தால், அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திப் பத்திரமான இடத்தில் வைக்கும் அதிகாரம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசாங்கத்துக்கு உண்டு. ஆனால், அப்படி வைத்த பிறகு அந்தக் குழந்தை மறுபடி தாயிடம் போகலாமா, பாட்டி வீட்டில் வளரலாமா, அந்நியர் இல்லத்தில் வளர்ப்புப் பிள்ளையாக இருக்கவேண்டுமா, அல்லது பெற்றோரின் உரிமையையே அறுத்துத் தத்துக் கொடுக்கப்படவேண்டுமா என்று தீர்மானிக்கிற பாரம் அந்த வட்டாரத்து நீதிபதி ஒருவரின் தலையில் விழுகிறது. அவருக்கு முன்னால் அரசாங்கத்தின் சமூகநலப் பணியாளர் ஒரு புறமும், பெற்றோரின் வக்கீல் மறு புறமும் நின்று, தத்தம் கட்சியைச் சட்டத்தின் பாஷையில் எடுத்துரைப்பார்கள். யாருடைய வாழ்க்கை அங்கே நிர்ணயிக்கப்படுகிறதோ அந்தக் குழந்தையை அன்றாடம் பார்த்துப் பழகிய ஒருவர், எந்தக் கட்சியையும் சாராமல் எழுந்து பேசுவதற்கு, நெடுங்காலம் அங்கே ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரத்தை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் (கவுண்டி என்பது ஏறக்குறைய நம்முடைய ஜில்லாவைப் போன்ற ஆட்சிப் பிரிவு) 1970-களின் நடுவில் சிறார் வழக்குகளை விசாரித்து வந்த டேவிட் சூகப் என்னும் நீதிபதிக்கு இந்தக் குறை தாங்கமுடியாத மனச்சுமையாக இருந்தது. பகலில் தாம் பிறப்பித்த உத்தரவு சரிதானா, அந்தக் குழந்தையைப் பற்றித் தமக்குத் தெரிந்தது போதுமா என்ற சஞ்சலத்தினால் விடியுமுன்பே விழித்துக்கொண்டு, பிறகு தூக்கம் வராமல் கிடந்த நாட்களைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குழந்தைகளைத் துன்புறுத்துவதைத் தடுப்பதற்காக 1974-ல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டம், அத்தகைய வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது குழந்தையின் நலனை மட்டுமே கருதும் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவேண்டுமென்று, மத்திய மானியம் பெறும் மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்திருந்தது. பிரதிநிதி என்றால் வக்கீல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஒரே சமயத்தில் பல வழக்குகளைச் சுமந்து நிற்கும் வக்கீல், ஒரு குழந்தையின் பள்ளிக்கும் வைத்தியரிடமும் அது தங்கியிருக்கும் வீட்டுக்கும் மாதந்தோறும் போய் வர அவகாசம் பெறுவது எங்கே?

அந்த வேலையைச் செய்ய ஊரில் வேறு மனிதர்கள் கிடைக்கமாட்டார்களா என்று சூகப் யோசித்தார். நாலைந்து பேரைக் கூப்பிடும்படி தம்முடைய நீதிமன்ற ஊழியரிடம் சொல்லி, அவரவர் மதிய உணவை அவரவரே கொண்டு வந்து உண்டபடி பேசலாமென்று ஏற்பாடு செய்தார். குறித்த நாளில் அவர் அறைக்குள் நுழைந்தபோது அங்கே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். 1977-ல் இவ்விதம் தொடங்கிய திட்டத்தில், முதல் வருஷத்திலேயே 110 தொண்டர்கள் பயிற்சி பெற்று 498 குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள். ‘கோர்ட் அப்பாயின்டட் ஸ்பெஷல் அட்வகேட்’, அதாவது நீதிமன்றமே நியமிக்கும் விசேஷப் பரிந்துரையாளர் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சி.ஏ.எஸ்.ஏ.’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. யூதப் பெண்களின் தேசிய மன்றம் போன்ற சங்கங்கள் கைகொடுக்க, அந்த ஏற்பாடு மாநிலம் மாநிலமாகப் பரவியது. 1982-ல் தேசியச் சங்கம் ஒன்று அமைந்தது; 1990-ல் காங்கிரஸ் இயற்றிய மற்றொரு சட்டம் அதற்கு மத்திய அரசாங்கத்தின் அங்கீகாரத்தையும் பொருளையும் அளித்தது. இன்று ஏறக்குறைய நாடு முழுவதிலும் 900-க்கும் மேற்பட்ட வட்டாரத் திட்டங்கள் நடந்து வருகின்றன.

இந்தத் தொண்டர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்; ஏனென்றால், ஊர் மக்கள் நீதிமன்றத்துக்கு எதைக் கொடுக்கமுடியும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்தவரை வேறு இல்லை. இருபத்தொரு வயது நிரம்பியவராக இருக்கவேண்டும். சட்டப் படிப்பு வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, தபால் ஊழியர், வீட்டோடு இருக்கும் தாய், வங்கியில் கணக்கு எழுதுபவர் என யாரும் வரலாம். பூர்வோத்தரங்களைத் தீர விசாரித்து, குற்றப் பதிவேடுகளைப் பார்த்து, நேர்காணல் செய்த பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு சுமார் முப்பது மணி நேரம் பயிற்சி: குழந்தையின் மனவளர்ச்சி, போதைப் பழக்கத்தின் தன்மை, வறுமையையும் அலட்சியத்தையும் வேறுபடுத்தி அறிவது, நீதிமன்ற நடைமுறை, அறிக்கை எழுதும் முறை ஆகியவையெல்லாம் அதில் அடக்கம். பயிற்சி முடிந்ததும் நீதிபதியின் முன்னிலையில் வலது கையை உயர்த்திப் பிரமாணம் செய்கிறார்கள். அதன்பின் ஒரு குழந்தை, அல்லது உடன்பிறந்த இரண்டு மூன்று குழந்தைகள் அடங்கிய ஒரு குடும்பம் அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. வக்கீலுக்குப் பல வழக்குகள், சமூகநலப் பணியாளருக்கு அதைவிடப் பல. தொண்டருக்கோ அநேகமாக ஒன்றே ஒன்று. அவருடைய பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மாதம் ஒரு முறையாவது அவர் குழந்தையை நேரில் பார்க்கவேண்டும். நீதிபதியின் நியமன உத்தரவைக் காட்டினால் பள்ளிக்கூடம் மதிப்பெண் பட்டியலையும், வைத்தியர் சிகிச்சைக் குறிப்புகளையும் அவருக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். வகுப்பில் கவனமில்லை, முரடன், மந்தபுத்தி என்றெல்லாம் பெயரெடுத்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருஷத்தில் மூன்று வளர்ப்பு வீடுகளும் மூன்று பள்ளிகளும் மாறியதில், அவனுடைய மூக்குக்கண்ணாடி எங்கேயோ தொலைந்து, அவன் கரும்பலகையைப் பார்க்கவே முடியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கிறவர், அவனோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்துப் பார்த்த தொண்டராகத்தான் இருப்பார். புதிய கண்ணாடிக்கு உத்தரவு வேண்டும் என்ற ஒரு வரி, அவன் தாய் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறும் இடத்துக்குப் பஸ் வசதி இல்லாததால்தான் நாள் தவறுகிறது என்ற ஒரு வரி, அவன் தங்கை வேறோர் ஊரில் வைக்கப்பட்டிருப்பதால் இரவில் அவளைக் கேட்டு அழுகிறான் என்ற ஒரு வரி என இப்படியாகச் சேரும் நாலைந்து பக்கங்களே அவர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கை. விசாரணைக்கு முன்பே அதன் பிரதி எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் போய்விடுகிறது. மறைவாக நீதிபதியின் காதில் ஓதுகிற காரியம் எதுவும் இதில் கிடையாது.

காலம் என்பது இத்தகைய வழக்குகளில் சாமானியமான விஷயம் அன்று. 1997-ல் வந்த சட்டப்படி, குழந்தை அரசாங்கப் பராமரிப்புக்கு வந்த பன்னிரண்டு மாதத்துக்குள் அதன் நிரந்தர வாசத்தைப் பற்றி நீதிமன்றம் விசாரித்தாகவேண்டும். கடைசி இருபத்திரண்டு மாதங்களில் பதினைந்து மாதம் அது வெளியே இருந்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரின் உரிமையை நீக்கும்படி அரசாங்கம் மனுச்செய்யவேண்டும். இதற்கிடையே சமூகநலப் பணியாளர் வேலையை விட்டுப் போய்விடலாம், வளர்ப்புப் பெற்றோர் மாறலாம், நீதிபதியும் மாற்றலாகலாம். முதல் நாளிலிருந்து கடைசி உத்தரவு வரை உடன் வருபவர் பல சமயங்களில் அந்தத் தொண்டர் ஒருவரே.

சம்பளமில்லாத தொண்டர்கள் நடத்தும் திட்டத்துக்குப் பணம் எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். அங்கேயும் பல கவுண்டிகளின் வரவுசெலவுக் கூட்டங்களில் இதே கேள்வி எழுவதுண்டு. தொண்டர் இலவசமாக வருகிறார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்றுவிப்பதும், அவர் எழுதிய அறிக்கையைத் திருத்திக் கொடுப்பதும், குழந்தையின் நிலையைப் பார்த்து மனம் உடைந்து திரும்பி வருகிற மாலையில் அவருக்குத் தைரியம் சொல்வதும் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளரின் வேலை. ஒரு மேற்பார்வையாளருக்கு முப்பது தொண்டர்களுக்கு மேல் கூடாதென்பது தேசியச் சங்கம் வகுத்த பிரமாணம். ஆகவே ஒரு மேற்பார்வையாளரின் சம்பளம் நின்றுபோனால், வெளியில் ஒரே ஒரு நாற்காலி காலியானது போலத் தோன்றினாலும், முப்பது தொண்டர்களும் அவர்களை நம்பியிருந்த குழந்தைகளும் ஒரேயடியாக ஆதாரமிழந்து போகிறார்கள்.

இந்தப் பொருள் வருகிற வழிகள் பல. வட கரோலைனாவைப் போன்ற சில மாநிலங்களில் 1983 முதலே நீதித்துறையின் அங்கமாக, அரசாங்கச் செலவில் திட்டம் நடக்கிறது. மற்றப் பல இடங்களில் லாபநோக்கமற்ற தனி ஸ்தாபனங்களே அதை நடத்துகின்றன. மத்திய மானியம், மாநில மானியம், கவுண்டியின் உதவி, ஊராரின் நன்கொடை ஆகியவற்றை ஒட்டுப்போட்டுத்தான் அவை வருஷத்தைக் கடத்துகின்றன. மத்திய மானியத்தில் ஒரு முக்கியமான பகுதி, குற்றத்துக்கு ஆளானவர்களுக்கென்று 1984-ல் ஏற்பட்ட நிதியிலிருந்து மாநிலங்களின் வழியாக வருகிறது. அந்த நிதிக்கு வரிப்பணம் சேர்வதில்லை. மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோர், விசேஷமாகப் பெரிய கம்பெனிகள், கட்டும் அபராதமே அதன் மூலதனம். கேட்பதற்கு மிகவும் நியாயமான ஏற்பாடுதான். ஆயினும், கம்பெனிகளோடு வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளும் வழக்கம் பெருகிய காலத்தில் அந்தப் பணம் வேறு கணக்குக்குப் போய் நிதி சுருங்கிவிட, 2021 ஜூலையில் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் தேசியச் சங்கத்துக்கான மானியங்களை நிறுத்துவதாக மத்திய நீதி இலாகாவிடமிருந்து உத்தரவு வந்தபோது, தூரத்திலுள்ள சிறிய கவுண்டிகளிலெல்லாம் கலக்கம் பரவியது. எங்கோ நியூயார்க்கில் ஒரு வங்கி கட்டும் அபராதத்தையும், தலைநகர் வாஷிங்டனில் ஓர் அதிகாரி எழுதும் கடிதத்தையும் நம்பி ஒரு கிராமப்புறத்துக் குழந்தையின் காரியம் நிற்கிறதென்பது எனக்குச் சிறிதும் பொருத்தமாகப் படவில்லை. அருகிலுள்ளவர்களின் பொருள் அளவில் சிறியதாக இருந்தாலும், நிலைத்து நிற்பது அதுதான்.

அப்படி அருகிலுள்ளோர் பொருள் சேர்க்கும் முறைகளில் ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. டெக்ஸஸ் மாநிலத்தில் ஜூரியாக அழைக்கப்படும் பிரஜைக்கு முதல் நாளுக்குக் குறைந்தது 20 டாலரும், அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 58 டாலரும் படி உண்டு. 2023-க்கு முன் முதல் நாள் படி 6 டாலராகவே இருந்தது. நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்ததும் அவர் கையில் ஒரு படிவம் கொடுக்கப்படுகிறது. அந்தப் படியைத் தாமே வாங்கிக்கொள்ளலாம். அல்லது, முழுவதையுமோ ஒரு பகுதியையோ, குற்றத்துக்கு ஆளானவர்களின் நிதிக்கும், கவுண்டியின் குழந்தைநலக் குழுவுக்கும், குடும்பக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களின் புகலிடத்துக்கும், போர்வீரர்களுக்கான விசேஷ நீதிமன்றத்துக்கும், கவுண்டி ஆட்சிக்குழு அங்கீகரித்த வேறு திட்டங்களுக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம். சில கவுண்டிகளில் இந்தக் குழந்தைத் தொண்டர் திட்டமும் அந்த ஜாபிதாவில் இடம்பெறுகிறது. வேலையை விட்டுவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடி, சலிப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரு கட்டத்தில் பேனாவால் குறியிட்டுத் தம்முடைய நாட்படியை யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு நன்றிக் கடிதம் வருவதில்லை, பெயர்ப்பலகையும் கிடையாது. நீதி வழங்கும் கடமையையும் அதற்குப் பொருள் கொடுக்கும் கடமையையும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ், ஒரு சாதாரண மனிதர் நிறைவேற்றும் காட்சியை வேறெந்த ஸ்தாபனத்தில் காணமுடியும்?

அதே மாநிலத்தின் டல்லஸ் நகரில் நடக்கும் ஏற்பாடு இதற்கு நேர்மாறான கோலாகலம் உடையது. கட்டிடக் கலைஞர்களும் கொத்தனார்களும் தச்சர்களும் தங்கள் உழைப்பைத் தானமாகக் கொடுத்து, குழந்தைகள் உள்ளே புகுந்து விளையாடும்படியான சிறு வீடுகளைக் கட்டுகிறார்கள். கோட்டையும் கப்பலும் காட்டுக் குடிலுமாக வெவ்வேறு உருவத்தில் அமைந்த அந்த வீடுகள் நார்த்பார்க் என்ற பெரிய கடைவளாகத்தில் வரிசையாக வைக்கப்படுகின்றன. வந்து போகும் ஜனங்கள் குலுக்கல் சீட்டு வாங்குகிறார்கள். சீட்டு விழுந்தவர் வீட்டுத் தோட்டத்துக்கு அந்தச் சிறு வீடு போய்ச் சேர்கிறது. சீட்டுப் பணம் நீதிமன்றத்தில் நிற்கும் குழந்தைகளுக்கு. கல்லூரிப் பெண்களின் கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கம் 1989 முதல் இந்தத் தொண்டையே தன் தர்மகாரியமாக ஏற்று, விருந்தும் பந்தயமும் நடத்திப் பணம் திரட்டி வருகிறது.

பணம் நீதிமன்றத்தை நெருங்குகிற எல்லா இடத்திலும் அபாயமும் உடன் வருகிறது என்பதை அந்நாட்டார் நன்கு அறிவார்கள். அறிவதற்குக் கடுமையான காரணங்களும் இருந்தன. மிசூரி மாநிலத்தின் ஃபெர்குஸன் என்ற சிறு நகரத்தைப் பற்றி 2015 மார்ச்சில் மத்திய நீதி இலாகா வெளியிட்ட அறிக்கை, அந்நகர் தன் நீதிமன்றத்தை வருமானம் தரும் இலாகாவாகவே நடத்தி வந்ததை அம்பலப்படுத்தியது. 2007-ல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக ஒரு பெண்ணுக்கு 151 டாலர் அபராதமும் கட்டணங்களும் விதித்தார்கள். ஏழையாகிய அவள் தவணை தவறத் தவற, புதிய அபராதங்கள் மேலும் மேலும் ஏறின. இரு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தாள். 550 டாலர் கட்டிய பிறகும், 2014 கடைசியில் அவள் பேரில் 541 டாலர் பாக்கி நின்றது. பென்ஸில்வேனியாவின் லூஸர்ன் கவுண்டியிலோ, சிறார் சிறைக்கூடத்தைக் கட்டியவர்களிடமும் நடத்தியவர்களிடமும் இரண்டு நீதிபதிகள் இருபத்தைந்து லட்சம் டாலருக்கு மேல் மறைவாக வாங்கிய விவகாரம் 2009-ல் வெளிப்பட்டு, அவர்களில் ஒருவர் அற்பக் குற்றங்களுக்காகச் சிறைக்கு அனுப்பிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரின் தீர்ப்புகளை அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் ரத்து செய்யவேண்டி வந்தது. மற்ற ஊழல்கள் பொருளைத் திருடும். இது பிள்ளைகளின் இளமையைத் திருடிற்று.

எனவேதான் அமெரிக்க வக்கீல் சங்கம் வகுத்த நீதிபதிகளின் நடத்தை விதி, நற்காரியமே ஆனாலும் நீதிபதி தாமே வெளியாரிடம் கைநீட்டி நன்கொடை கேட்கலாகாதென்று தடுக்கிறது. திட்டத்தைப் பற்றிப் பொதுவில் பேசலாம், யோசனை சொல்லலாம், விருந்துக்கு வரலாம்; நன்கொடை கேட்கும் கடிதத்தில் மட்டும் அவர் கையெழுத்து இருக்கக்கூடாது. நாளைக்கே அவர் முன்னால் வழக்காடப் போகும் ஒரு வியாபாரி, கேட்கிறவர் நீதிபதி என்பதற்காகவே கொடுத்துவிட்டால், கொடுத்த கையும் வாங்கிய இடமும் இரண்டும் களங்கப்படும். தனி ஸ்தாபனம், தனி நிர்வாகக் குழு, தனிக் கணக்கு, வருஷந்தோறும் வெளியார் தணிக்கை என்ற இந்தச் சம்பிரதாயங்கள் முதலில் பார்ப்பவருக்கு வீண் சிரமமாகப் படலாம். பணத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே எழுப்பிய மதில்கள் அவை. அவற்றில் ஒரு கல்லைக்கூடத் தளர்த்த நான் சம்மதிக்கமாட்டேன்.

பணத்தைவிட நுட்பமான வேறொரு கேள்வியும் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏழைக் குடும்பங்கள். மக்கள்தொகையில் தங்களுக்குள்ள விகிதத்தை மீறி அங்கே நிற்பவர்கள் கறுப்பினத்தவர். தொண்டர்களாக முன்வருபவர்களிலோ வசதியுள்ள வெள்ளைப் பெண்மணிகளே அதிகம். ஒரே அறையில் நாலு பேர் படுத்துறங்கும் வீட்டைக் கண்டு, அது ஏழ்மையின் விளைவா அலட்சியத்தின் விளைவா என்று அத்தகைய ஒருவர் சரியாகப் பிரித்தறிவாரா? 2004-ல் நடந்த ஓர் ஆய்வு, கறுப்பினக் குழந்தைகளின் வழக்குகளில் தொண்டர்கள் குறைந்த நேரமே செலவிட்டதைக் கண்டது. டெக்ஸஸ் குழந்தைகளைப் பற்றி 2019-ல் வெளியான மற்றோர் ஆய்வு, தொண்டர் நியமிக்கப்பட்ட குழந்தைகள் தங்கள் சொந்தப் பெற்றோரிடம் திரும்பியது குறைவே என்று கூறிற்று. கடினமான வழக்குகளையே தொண்டர்களிடம் ஒப்படைப்பதால் இந்த வித்தியாசம் தோன்றக்கூடும் என்பது ஒரு சமாதானம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அதைச் சொல்லிவிட்டு விஷயத்தை மூடிவிடுவது நியாயமாகாது. தொண்டு செய்ய வந்தவரின் நல்லெண்ணம், அவருடைய தீர்மானம் சரியானது என்பதற்குச் சாட்சியாகிவிடாது. குழந்தையைக் காப்பாற்றும் ஆவேசத்தில், கொஞ்சம் உதவியிருந்தால் திருந்தியிருக்கக்கூடிய ஒரு தாயிடமிருந்து அதை நிரந்தரமாகப் பிரித்துவிடுவோமானால், நாம் செய்தது கொடுமை.

இதற்குப் பரிகாரம் தொண்டை நிறுத்துவதில் இல்லை. தொண்டர் கூட்டத்தை விசாலமாக்குவதில் இருக்கிறது. நல்ல முறையில் நடக்கும் திட்டங்கள் அதை உணர்ந்து, கறுப்பினத்தவர்களின் தேவாலயங்களிலும், ஸ்பானிய மொழி பேசும் பேட்டைகளிலும், ஆண்கள் கூடும் சங்கங்களிலும் போய் ஆள் சேர்க்கின்றன. பகலில் கூலி வேலை செய்வோருக்காகப் பயிற்சியை மாலையிலும் சனிக்கிழமையிலும் வைக்கின்றன. தாமே வளர்ப்பு வீடுகளில் இருந்து வளர்ந்து பெரியவர்களானவர்களை அழைத்து, பயிற்சி வகுப்பில் பேசச் செய்கின்றன. நூறு மைல் சுற்றி வரவேண்டிய கிராமப்புறத் தொண்டருக்கு வண்டிச் செலவு கொடுப்பதும், சிறு பிள்ளைகளை வீட்டில் விட்டு வரும் தாய்க்கு அந்த நேரத்துக்கு ஆள் ஏற்பாடு செய்வதும் இதில் சேரும். இவற்றுக்கெல்லாம் மறுபடியும் பணம் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை கொட்டும் விருந்துப் பணத்தைவிட, மாதந்தோறும் பத்து டாலர் தவறாமல் அனுப்புகிற நூறு பேரையே திட்ட நடத்துநர்கள் விரும்புவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தொகையை நம்பி அவர்கள் அடுத்த மேற்பார்வையாளரை வேலைக்கு எடுக்கலாம். அவர் வந்தால், தொண்டர் கிடைக்காமல் பெயர்ப்பட்டியலில் காத்திருக்கும் குழந்தைகளில் இன்னும் முப்பது நாற்பது பேருக்கு ஆள் நியமிக்கும்படி நீதிபதியைக் கேட்கலாம்.